ஊராட்சித் தலைவருக்கு நிக்கிறவர் சொல்றதுல எது அவர் கையில இருக்கு, எது இல்ல?

எங்க சித்தப்பா பொண்ணு போன வாரம் போன் பண்ணி, "அண்ணே, தலைவருக்கு நிக்கப்போறேன்னு நாலு பேரு இப்பவே வீட்டுக்கு வந்துட்டுப் போயிட்டாங்க, நாலு பேருமே ரோடு போடுறேன், தண்ணி கொண்டுவரேன், டாஸ்மாக்க மூடுறேன்னுதான் சொல்றாங்க, இதுல யாரைப் பாத்து ஓட்டுப் போடுறது?"ன்னு கேட்டா. அவளுக்கு இதுதான் முதல் ஊராட்சித் தேர்தல். போன்லயே சொல்ல ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம் ஓடிருச்சு, அப்பவும் பாதிதான் சொல்லி முடிச்சேன். அவள மாதிரி இன்னும் நிறைய பேரு இருப்பீங்க, அதனால முழுசா எழுதிடுறேன்.

அவகிட்ட நான் மொதல்ல சொன்னது இதான். ஒரு வேட்பாளரோட நிலைப்பாடு நல்லதா கெட்டதான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, அவரு பேசுற அந்த விஷயம் யாரு கையில இருக்குன்னு பாரு. சிலது தலைவர் நெனச்சா செய்யலாம். சிலத தீர்மானம் போட்டு மேல அனுப்பலாம், முடிவு எடுக்கிறது வேற ஆளு. சிலதுக்கு ஊராட்சிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. இந்த மூணையும் பிரிச்சுப் பாத்தாலே நாலு பேரு பேச்சும் நாலு விதமா தெரிய ஆரம்பிச்சிரும்.

கிராமத்துல ஓட்டுப் போடப்போனா கையில நாலு சீட்டு குடுப்பாங்க. 2019 தேர்தல்ல தலைவருக்கு ரோஸ் கலர், வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். இதுல ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் நிக்கிறவங்க கட்சி சின்னத்துல நிப்பாங்க, தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சி சின்னம் இல்லாம பூட்டு சாவி, கத்திரிக்கோல் மாதிரி பொதுச் சின்னத்துல நிப்பாங்க. சட்டம் இப்படி வச்சதுக்கு அர்த்தம் இருக்கு, இந்த ரெண்டு பதவிக்கும் ஊர்ப் பிரச்சினைய வச்சு ஆளப் பாக்கணும்ங்கிறதுதான் அது. ஆனா நம்ம ஊர்ல நடக்குறது என்ன, சாதியப் பாக்குறோம், தெருவப் பாக்குறோம், யாரு கல்யாணத்துக்கு மொய் செஞ்சாங்கன்னு பாக்குறோம், கடைசியில நாம என்ன கேட்டோம்னே நமக்கு ஞாபகம் இருக்குறதில்ல.

தமிழ்நாட்டுல சுமார் 12,500 கிராம ஊராட்சி இருக்கு. 1992ல கொண்டுவந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், அத வச்சு நம்ம மாநிலத்துல வந்த 1994 ஊராட்சிகள் சட்டம், இந்த ரெண்டும்தான் அடிப்படை. அரசியல் சட்டத்தோட பதினோராவது அட்டவணையில 29 துறைய எழுதி வச்சு இதையெல்லாம் ஊராட்சி அமைப்புகளுக்குக் குடுக்கலாம்னு சொல்லிருக்காங்க, விவசாயம் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி எல்லாமே அதுல வருது, ஆனா எவ்வளவு குடுக்கணும்னு முடிவு பண்றது மாநில அரசு. நம்ம சட்டத்துல 110-வது பிரிவ எடுத்துப் பாத்தீங்கன்னா கிராம ஊராட்சி கண்டிப்பா செய்யவேண்டிய வேலை இருக்கும்: ஊருக்குள்ள ரோடு, சின்னப் பாலம், தெரு விளக்கு, சாக்கடை, தெருக் கூட்டுறது, பொதுக் கழிப்பறை, சுடுகாடு இடுகாடு, குடிதண்ணி. அதுக்கு அடுத்த 111-வது பிரிவுல ஊராட்சி விரும்புனா செய்யலாம்னு மரம் நடுறது, சந்தை, படிப்பகம், விளையாட்டு மைதானம் மாதிரி விஷயங்கள். உங்க ஊர் வேட்பாளர் குடுக்குற நோட்டீஸ இந்த ரெண்டு பிரிவு பக்கத்துல வச்சுப் படிங்க. பாதி நோட்டீஸ் இதுக்கு வெளியதான் இருக்கும்.

ரோட்டையே எடுத்துக்குவோம், எல்லாரும் சொல்றது அதான். ஊருக்குள்ள தெருவுல போடுற சிமெண்ட் ரோடு, பேவர் பிளாக் எல்லாம் ஊராட்சி பாத்துக்கிறது. ஒரு ஊர்லருந்து இன்னொரு ஊருக்குப் போற ஒன்றியச் சாலை ஊராட்சி ஒன்றியத்தோடது, அதுக்குக் கேக்கவேண்டியது பச்சைச் சீட்டுல நிக்கிறவர. பஸ் ஓடுற பெரிய ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையோடது. அதனால "மெயின் ரோட்ட அகலப்படுத்துவேன்"னு தலைவர் வேட்பாளர் சொன்னா அது அவர் வேலையில வராது. "மேலத்தெரு சாக்கடை ரோட்டவிட மேடா இருக்கு, மழை பேஞ்சா தண்ணி வீட்டுக்குள்ள போகுது, அத ஒடச்சு மட்டம் பாத்துக் கட்டணும்"னு ஒருத்தர் சொன்னா அவரு ஊரையும் பாத்திருக்காரு, அவரு அதிகாரத்தையும் தெரிஞ்சு வச்சிருக்காருன்னு அர்த்தம். ரோடு மேல ரோடு போட்டு வீட்டு வாசல் பள்ளமாப் போன தெரு இல்லாத ஊரு எது? பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டுப் போடுவீங்களான்னு ஒரு கேள்வி கேளுங்க, பதில்லயே ஆளு தெரிஞ்சிருவாரு.

தண்ணி விஷயம் கொஞ்சம் பெருசு, இதத்தான் நிதானமா பாக்கணும். ஊர்ல குடிதண்ணி ரெண்டு வழியா வருது. ஒண்ணு உள்ளூர் போர், மோட்டார் வச்சு மேல்நிலைத் தொட்டிக்கு ஏத்தி குழாய்ல விடுறது. இன்னொண்ணு காவிரி, தாமிரபரணி மாதிரி ஆத்துலருந்து கூட்டுக்குடிநீர்த் திட்டத்துல வர்றது, அத நடத்துறது குடிநீர் வடிகால் வாரியம், அவங்க ஊர் தொட்டி வரைக்கும் கொண்டுவந்து விட்டாங்கன்னா அதுக்கப்புறம் தெருத்தெருவா பிரிச்சு விடுறது ஊராட்சி. 2019ல ஆரம்பிச்ச ஜல் ஜீவன் திட்டத்துல வீட்டுக்கு வீடு குழாய், தலைக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு வச்சாங்க. குழாய் வந்திருச்சு, தண்ணி வருதாங்கிறதுதான் கேள்வி. மோட்டார் ரிப்பேர் ஆனா எத்தன நாள்ல சரி பண்றாங்க, டேங்க் ஆபரேட்டருக்கு சம்பளம் ஒழுங்கா போகுதா, தொட்டிய மாசத்துக்கு எத்தன தடவ கழுவுறாங்க, பிளீச்சிங் பவுடர் போடுறாங்களா, கடைசித் தெருவுக்கு எத்தன மணிக்குத் தண்ணி வருது, மொதல் தெருவுல எத்தன வீட்ல குழாய்ல மோட்டார் மாட்டி உறிஞ்சுறாங்க, இதெல்லாம் நூத்துக்கு நூறு ஊராட்சி கையில இருக்குற விஷயம். யாரு தலைவரா வந்தாலும் மறுநாளே கை வைக்கலாம். ஆனா இதப் பேசுற வேட்பாளர ரொம்ப அரிதாதான் பாக்கமுடியும், ஏன்னா குழாய்ல மோட்டார் மாட்டுனவன் வீட்லயும் நாலு ஓட்டு இருக்கு. அதையும் தாண்டி "சட்டவிரோத மோட்டார எடுக்கச் சொல்லுவேன்"னு ஒருத்தர் உங்க வாசல்ல நின்னு சொன்னாருன்னா, அந்த ஒரு வரிக்கு நான் மதிப்பு குடுப்பேன்.

கண்மாய் தூர்வாருறேன்னு சொல்றாங்களா, எந்தக் கண்மாய்னு கேளுங்க. நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல ஆயக்கட்டு (பாசனம் பாயுற நிலம்) இருக்குற கண்மாய் நீர்வளத் துறையோடது, நம்ம பக்கம் இப்பவும் பிடபிள்யூடி கண்மாய்னுதான் சொல்லுவாங்க. அதுக்குக் கொறஞ்சது ஒன்றியக் கண்மாய். ஊரணி, குட்டை, குளம் இதெல்லாம் கிராம ஊராட்சி பாத்துக்கவேண்டியது. பெரிய கண்மாயில தலைவர் தானா ஜேசிபி எறக்க முடியாது, வண்டல் மண் அள்ளவும் வருவாய்த் துறை வழியா அனுமதி வாங்கணும். ஆனா ஊரணி? அதுக்குத் தண்ணி வர்ற ஓடைய யாரு அடைச்சு வச்சிருக்கான்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஊரணிக்கு நாலு பக்கமும் கல்லு பதிக்கிறது, கம்பி வேலி போடுறது, நடைபாதை போட்டு பெஞ்ச் வைக்கிறதெல்லாம் போட்டோவுக்கு நல்லா இருக்கும், வரத்து வாய்க்கால் திறக்கலன்னா அது வெறும் பள்ளம். எங்க ஊர் ஊரணியில நான் நீச்சல் கத்துக்கிட்டேன். இப்ப அதுல சீமைக்கருவேலம்தான் நிக்குது. அதனால இந்த விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் அதிகமாவே பேசுவேன், மன்னிச்சுக்கோங்க.

தெருவிளக்கு சின்ன விஷயம். கம்பமும் லைனும் மின்வாரியத்தோடது, பல்பு மாட்டுறதும் கரண்ட் பில்லு கட்டுறதும் ஊராட்சி. அணைஞ்ச பல்ப மாத்த மாசக்கணக்கா ஆகுதுன்னா அதுக்கு வேற யாரையும் கை காட்ட முடியாது.

இப்ப அவர் கையில இல்லாதது. பட்டா மாறுதல் வருவாய்த் துறை, விஏஓ, தாசில்தார்னு போகும். ரேஷன் கடை கூட்டுறவுத் துறையும் உணவுத் துறையும். பஸ் விடுறது போக்குவரத்துக் கழகம். வாத்தியார் போடுறது கல்வித் துறை. டாஸ்மாக் கடை இடம் மாத்துறது மூடுறது மாவட்ட நிர்வாகமும் மதுவிலக்குத் துறையும். அப்ப டாஸ்மாக்க மூடுறேன்னு சொல்றவர் பொய் சொல்றாரா? அப்படி ஒரேயடியா சொல்லிற முடியாது. அவரு என்ன பண்ணலாம்னா கிராம சபையில தீர்மானம் நிறைவேத்தி, அந்தக் காப்பிய எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ் படி ஏறலாம், திரும்பத் திரும்ப ஏறலாம். ஊரே கூடிப் போட்ட தீர்மானத்துக்குக் கோர்ட்டு வரைக்கும் போனாலும் ஒரு கனம் இருக்கு. அதனால "மூடுவேன்"னு சொல்றவர்கிட்ட "எப்படி"ன்னு கேளுங்க. "கிராம சபையில தீர்மானம் வைப்பேன், நீங்க நூறு பொம்பளைங்க வந்து உக்காரணும்"னு சொன்னாருன்னா அது நேர்மையான பதில்.

கிராம சபைன்னா ஓட்டர் லிஸ்ட்ல பேரு இருக்குற எல்லாரும் சேந்தது, அதுக்கு உறுப்பினர் ஆக யாரும் தேர்ந்தெடுக்கவேண்டாம், உங்க பேரு பட்டியல்ல இருந்தா நீங்களும் உறுப்பினர்தான். முன்ன ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ன்னு வருஷத்துக்கு நாலு தடவ கூடுச்சு, 2022லருந்து மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேந்து ஆறு தடவ ஆயிருச்சு. எத்தன பேரு வந்தா கூட்டம் செல்லும்ங்கிறதுக்கும் கணக்கு உண்டு. ஊர் மக்கள்தொகை 500 வரைக்கும்னா 50 பேரு, 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. நிறைய ஊர்ல என்ன நடக்குது, இருபது பேரு உக்காந்திருப்பாங்க, மினிட் நோட்ட எடுத்துக்கிட்டு வீடு வீடா, வேலை நடக்குற இடமா போய் கையெழுத்து வாங்கி எண்ணிக்கைய நிரப்பிருவாங்க. நான் ஒரு தடவ ஊருக்குப் போனப்ப எங்கம்மாவே அந்த மாதிரி ஒரு நோட்டுல என்னன்னு படிக்காம கையெழுத்துப் போட்டுட்டு வந்து நின்னாங்க, எனக்குக் கோபத்தவிட வருத்தம்தான் வந்துச்சு. அதனால வேட்பாளரோட நிலைப்பாட்டுல ரொம்ப முக்கியமானது எதுன்னு என்னையக் கேட்டா, கிராம சபைய எங்க, எத்தன மணிக்கு, எப்படி நடத்துவாருங்கிறதுதான். காலையில பொம்பளைங்க வேலைக்குப் போற நேரத்துல வைப்பாரா? ஒரே தெருவுல வைப்பாரா, காலனியிலயும் மாத்தி மாத்தி வைப்பாரா? வரவு செலவ வாசிச்சுக் காட்டுவாரா, போர்டுல எழுதிப் போடுவாரா? இதுக்கு யாரு காசும் வேணாம், எந்தத் துறை அனுமதியும் வேணாம், மனசு இருந்தாப் போதும்.

காசுன்னு வந்தாச்சு. ஊராட்சிக்குப் பணம் எங்கருந்து வருதுன்னு தெரியாம வாக்குறுதிய எடை போடமுடியாது. மத்திய நிதிக்குழு மானியம் ஒண்ணு, மாநில நிதிக்குழு மானியம் ஒண்ணு, அப்புறம் ஊராட்சி தானா வசூலிக்கிற வீட்டு வரி, தொழில் வரி, தண்ணிக் கட்டணம். 15-வது நிதிக்குழுவோட 2021-26 காலத்துல மத்திய மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான்னு கட்டிப்போட்டே வந்துச்சு, மீதி 40 சதவீதத்துலதான் ஊர் தன் விருப்பத்துக்கு ஏதாவது செய்யலாம். இப்ப ஒரு வேட்பாளர் கல்யாண மண்டபம் கட்டுறேன், ஜிம் வைக்கிறேன், எல்லாத் தெருவுக்கும் கேமரா போடுறேன்னு அடுக்குனாருன்னா எந்தப் பணத்துலன்னு கேக்கணும். அதே ஆளு "வீட்டு வரியே வாங்கமாட்டேன்"னும் சேத்துச் சொன்னாருன்னா அந்த நோட்டீஸ மடிச்சு வச்சிரலாம். வீட்டு வரி ஓடு போட்ட வீட்டுக்கு வருஷம் ரொம்பக் கொஞ்சம்தான் வரும், ஆனா அது மாதிரி தானா வசூலிக்கிற காசுதான் ஊராட்சி யாருகிட்டயும் கை ஏந்தாம செலவழிக்கிற காசு. மாடி வீடு, கம்பெனி குடோன், செல்போன் டவர் இதுங்ககிட்ட சரியா வசூல் பண்ணுவேன்னு ஒருத்தர் சொன்னா அவரு கணக்குப் பாக்கத் தெரிஞ்ச ஆளு.

வரியையும் சேமிப்பையும் வச்சு ஒரு ஊராட்சி எவ்வளவு தூரம் போகலாம்னு காட்டுறதுக்குக் கோயம்புத்தூர் மாவட்டத்துல மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை இருக்கு. 1996லருந்து ரெண்டு தடவ தலைவரா இருந்த சண்முகம் காலத்துல, தண்ணி ஏத்துற மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கரண்ட் பில்லு ஏறிக்கிட்டே போகுதுன்னு பாத்து, ஊராட்சி சேமிப்பையும் பேங்க் கடனையும் போட்டு 2006ல சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில 350 கிலோவாட் காத்தாடி ஒண்ண வாங்குனாங்க. ஊர்த் தேவைக்குப் போக மிச்ச கரண்ட மின்வாரியத்துக்கு வித்தாங்க. எல்லா ஊரும் காத்தாடி வாங்கணும்னு சொல்ல வரல, பில்லு ஏன் ஏறுதுன்னு ஒரு தலைவர் உக்காந்து பாத்ததுலருந்துதான் அது தொடங்குச்சு, அத கவனிங்கன்னு சொல்றேன்.

இன்னொண்ணு, தலைவர் மட்டும் பாத்து ஓட்டுப் போட்டுட்டு வெள்ளைச் சீட்டுல யாரோ ஒருத்தருக்குக் குத்திட்டு வந்துராதீங்க. ஊராட்சி செக்குல தலைவரும் துணைத்தலைவரும் சேந்து கையெழுத்துப் போடணும், துணைத்தலைவர வார்டு உறுப்பினருங்கதான் தங்களுக்குள்ள தேர்ந்தெடுக்குறாங்க. ரெண்டு பேருக்கும் ஒத்துவரலன்னா டேங்க் ஆபரேட்டர் சம்பளம் கூட நின்னு போயிரும். நல்ல தலைவர் வந்தும் வேலை நடக்காத ஊருங்கள்ல பாதிக்கு இதான் காரணம்னு நான் நெனைக்கிறேன்.

பொம்பளைங்களுக்கு இங்க பாதி இடம், 2016லருந்து 50 சதவீதம். போஸ்டர்ல அக்கா பேரு சின்னதா, வீட்டுக்காரர் பேரு பெருசா இருந்தா நேராவே கேளுங்க: ஆபீசுக்கு யாரு வருவா, கூட்டத்துல யாரு பேசுவா? இத வேட்பாளர்கிட்டயே கேளுங்க, பக்கத்துல நிக்கிறவர்கிட்ட கேக்காதீங்க. பல அக்காங்க முதல் வருஷம் தயங்கி, அடுத்த வருஷம் செலவுக் கணக்க தானே பாக்க ஆரம்பிச்சு, யாரையும் கையெழுத்துக்காக வீட்டுக்கு வரவிடாம ஆபீசுல உக்காந்து நடத்துறத நான் பாத்திருக்கேன்.

தனி ஊராட்சின்னு சொல்ற ஒதுக்கீட்டு ஊருங்கள்ல கேக்கவேண்டியது இன்னும் இருக்கு. மதுரை மாவட்டத்துல பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துல கொட்டக்கச்சியேந்தல், இந்த நாலு ஊர்லயும் பட்டியல் சாதிக்கு ஒதுக்குனாங்கங்கிறதுக்காகவே 1996லருந்து பத்து வருஷம் முறையா தேர்தல் நடக்கவிடல, 2006லதான் நடந்துச்சு. அதே மதுரை மாவட்டத்துல மேலவளவுல தலைவரா ஜெயிச்ச முருகேசனையும் கூட இருந்தவங்களையும் 1997ல வெட்டிக் கொன்னாங்க. அந்த வரலாற மனசுல வச்சுக்கிட்டுதான் சாதி சம்பந்தமான நிலைப்பாட்டக் கேக்கணும்: ஊர்ல எத்தன சுடுகாடு, காலனிக்குப் போற பாதையில விளக்கு எரியுதா, சுதந்திர தினத்துக்கு யாரு கொடியேத்துவா, தலைவருக்கு ஆபீசுல நாற்காலி இருக்கா. எல்லாரும் சமம்னு மேடையில சொல்றது லேசு. பதவிய கோயில் காசுக்கு ஏலம் விடுற ஊர்ல அந்த ஏலத்துல உக்காந்தவரு எந்த வாக்குறுதி குடுத்தாலும் எனக்குக் காதுல ஏறாது.

காசு குடுத்து ஓட்டு வாங்குறதப் பத்தி ஒரே ஒரு கணக்கு. 2019ல தலைவர் வேட்பாளர் சட்டப்படி செலவு பண்ணலாம்னு வச்ச உச்சவரம்பு 34,000 ரூபா, வார்டு உறுப்பினருக்கு 9,000. தலைவருக்கு மதிப்பூதியம் மாசம் 1,000 ரூபாயா இருந்து பின்னால 2,000 ஆக்குனாங்க. அஞ்சு வருஷத்துக்குக் கூட்டுனாலும் 1,20,000தான். வீட்டுக்கு ரெண்டாயிரம்னு குடுக்கிறவர் அத எங்கருந்து திருப்பி எடுப்பாருன்னு உங்க தெரு சிமெண்ட் ரோடு ரெண்டே மழையில பேந்து வரும்போது தெரியும்.

வேட்புமனுவோட ஒவ்வொருத்தரும் சொத்து, வழக்கு விவரத்த உறுதிமொழியா எழுதிக் குடுக்குறாங்க, மனு தாக்கல் முடிஞ்சதும் அதப் பாத்துருங்க. 2019 டிசம்பர் தேர்தல்ல ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சு தனி அலுவலர் கையில போன ஊருங்கள்ல, பழைய தலைவரே திரும்ப நிக்கிறாருன்னா இன்னும் சுலபம், அவரு காலத்து தீர்மான நகல தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல (ஆர்டிஐ) ஒரு மனு போட்டுக் கேளுங்க, என்ன பேசுனாரு என்ன செஞ்சாருன்னு எழுத்துலயே கிடைக்கும்.

நேத்து தங்கச்சி திரும்பக் கூப்பிட்டா. நாலு பேருல ஒருத்தர் மறுபடி ஓட்டுக் கேட்டு வந்தாராம், இவ வாசல்லயே நிப்பாட்டி "மாமா, ஊரணிக்கு வர்ற ஓடையில உங்க பங்காளி வீட்டுச் சுவர் இருக்கே, அத என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டிருக்கா. அவரு கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு, "அளந்து பாத்துத்தான் சொல்லணும்மா, சர்வேயருக்கு எழுதிக் குடுக்குறேன், நீயும் கையெழுத்துப் போடுறியா?"ன்னு கேட்டாராம். போட்டியான்னு கேட்டேன். போட்டுட்டேன்னு சொன்னா.